செவ்வாய்பேட்டை கேசட் கடையும் அண்ணனின் 14 கேசட்டுகளும்

என் அண்ணன் 2008 முதல் 2013 வரை யூடியூபில் காமெடி வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். மொத்தம் 61 வீடியோ. 2014 தை மாதம், பெண் பார்க்கப் போவதற்கு முந்தின ராத்திரி, என் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தான். சேலை கட்டி அத்தை வேஷம் போட்ட வீடியோவைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அம்மாவுக்குப் பயம். கடைசியில் சேனலையே எடுத்துவிட்டான். அந்தப் பெண்தான் இன்று என் அண்ணி. போன தீபாவளிக்குப் பேச்சுவாக்கில் அண்ணியிடம் இதைச் சொன்னேன். "அதைப் பாத்திருந்தா அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேனே, எதுக்கு ரெண்டு வாரம் யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கண் கலங்கியிருந்தது. அவனுடைய பழைய கேசட்டுகளை மீட்கும் இந்த வேலையில் நான் இறங்கியது அன்றைக்குத்தான்.

நெட்டில் இருந்தது போயிற்று. எடிட் செய்த ஃபைல்கள் இருந்த பழைய கம்ப்யூட்டரும், 2012ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில், ஹார்ட் டிஸ்க் அடிபட்டுப் போய்விட்டது. ஆனால் கேமராவில் ஓடிய கேசட்டுகளை யாரும் தொடவில்லை. ஏற்காட்டில் பாட்டி வீட்டு பீரோவின் மேல், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், 14 கேசட் அப்படியே இருந்தன. ஹேண்டிகேம் கேசட் என்று நாம் சொல்வோமே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அது. கடைக்காரர்கள் மினி டி.வி. என்கிறார்கள். அந்த டி.வி. தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ.

சேலத்தில் எத்தனையோ வீட்டு பீரோவில் இந்தக் கேசட் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, முதல் பிறந்தநாள். எங்கே கொடுப்பது என்று தேடுகிறவர்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நான் முதலில் வெளியூரில் ஒரு பெரிய கடையில்தான் ஒரு கேசட்டைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, எல்லாம் இருந்தது. டேப்பை மெஷின் மென்று, நடுவில் கசங்கித் திரும்பி வந்தது. அந்தக் கசங்கலில் போன நிமிடங்கள் போனவைதான்.

செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. கீழே கொலுசுப் பட்டறை, மாடியில் கடை. பெயர்ப்பலகை கிடையாது. பட்டறைக்காரர்களிடம் "கேசட் கடை" என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட காலத்திலிருந்து இருக்கிற கடை. அப்புறம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தார்கள், இப்போது பழைய கேசட்டை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும் வேலைதான் அதிகம். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். "வாம்மா" என்று உட்காரச் சொல்லிவிட்டு, கேசட்டை எடுக்குமுன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு கேசட்டையும் அவர் உடனே மெஷினில் போடவில்லை. ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கி, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து, சுருளின் ஓரத்தைப் பார்த்தார். பார்த்து மூன்று குவியலாக வைத்தார். முதல் குவியலில் ஆறு, நல்லவை. இரண்டாவதில் ஐந்து. அவற்றின் ஓரத்தில் மாவு தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். "மலை மேல வச்சிருந்தீங்களாம்மா?" என்றார். நான் ஏற்காடு என்று சொல்லவே இல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பாட்டி வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் சேலையே பூசணம் பிடிக்கும். டின் மூடியை இறுக்கி மூடியதால் ஈரமும் உள்ளேயே தங்கிவிட்டது என்றார். பூசணம் பிடித்த கேசட்டை நல்ல மெஷினில் போட்டால், அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் கேசட்டுக்கும் போய்விடும். அதனால் அதற்கென்று தனியாக ஒரு பழைய பிளேயர் வைத்திருக்கிறார். முதலில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து நாள்கணக்கில் உலர்த்துகிறார். அப்புறம் முகக்கவசம் கட்டிக்கொண்டு, டேப்பை மெதுவாக முன்னும் பின்னும் சுற்றித் துடைக்கிறார். அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறார்.

மூன்றாவது குவியலில் மூன்று கேசட். பார்க்க நல்ல கேசட் மாதிரியே இருந்தன. லேபிளில் அண்ணன் கையெழுத்தில் "90" என்று இருந்ததை வைத்துத்தான் அவர் பிரித்தார். "எல்.பி.யில எடுத்திருக்காரு உங்க அண்ணன். கேமராவ கொண்டு வாங்க" என்றார்.

இது எனக்குத் தெரியாத விஷயம். பலருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். 60 நிமிட கேசட்டில் டேப் மெதுவாக ஓடினால் 90 நிமிடம் எடுக்கலாம். அதுதான் எல்.பி., அதாவது லாங் பிளே. டேப் மேல் படம் பதியும் கோடுகள் சாதாரணமாக 10 மைக்ரான் அகலம், எல்.பி.யில் 6.7 மைக்ரான்தான். அவ்வளவு மெல்லிய கோட்டை, எழுதிய கேமராவே சரியாகப் படிக்கும். வேறு மெஷினின் ஹெட் ஒரு முடி அளவு விலகியிருந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அண்ணன் ஏன் எல்.பி.யில் எடுத்தான் என்று எனக்குத் தெரியும். கேசட் வாங்கக் காசு இல்லை. நல்ல வேளையாகக் கேமரா இருந்தது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்த சோனி ஹேண்டிகேம், அண்ணன் வீட்டுப் பரண் மேல். பேட்டரி போய்விட்டது, அடாப்டரைக் காணவில்லை. கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். உள்ளே முழுக்க அடாப்டர்தான். மூன்றாவதாகப் போட்டுப் பார்த்தது சேர்ந்தது. கேமராவில் பச்சை விளக்கு எரிந்ததும் நான் கை தட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கேமராதான் இருக்கே, நாமளே யூ.எஸ்.பி. வயர் போட்டு ஏத்திக்கலாமே" என்று அண்ணன் கேட்டான். அந்தக் கால ஹேண்டிகேமில் யூ.எஸ்.பி. வழியாக வருவது தரம் குறைந்த படம். டேப்பில் இருப்பது இருந்தபடியே வர ஃபயர்வயர் என்ற வேறு வயர் வேண்டும். இப்போதைய லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே கிடையாது. கடையில் அதற்காகவே ஒரு பழைய டெஸ்க்டாப்பை உயிரோடு வைத்திருக்கிறார், இரண்டு யூ.பி.எஸ். சகிதம். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. பிடிக்கும். எங்களுடையது மொத்தம் பதினைந்தரை மணி நேரம், சுமார் 200 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கொண்டுபோய்விடுங்கள்.

வேகமாக ஏற்ற வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் நாள் இரண்டு கேசட் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியில் ஒன்பது நாள் போனேன், லீவு போட்டு.

அந்த ஒன்பது நாளில்தான் என் அண்ணன் என்ன வேலை செய்தான் என்பது எனக்கே புரிந்தது. இத்தனைக்கும் கேமரா பிடித்தது நான்தான்.

அவன் ஆரம்பித்தபோது யூடியூப் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வீடியோ 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. லைக் கிடையாது, ஐந்து நட்சத்திரம்தான். 2010ல்தான் அது மாறியது. முகப்புப் படத்தை நாமாகப் போட முடியாது. வீடியோவில் மூன்று இடத்திலிருந்து அதுவே எடுத்துத் தரும், அதில் ஒன்று சரியாக நடுவில் வரும். அதற்காக அண்ணன் தன் நல்ல முகபாவம் ஒன்று வீடியோவின் சரிபாதியில் வரும்படி எடிட் செய்வான். எங்கள் பி.எஸ்.என்.எல். பிளானில் ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை கணக்கு ஓடாது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அப்லோட் போடுவது என் வேலை. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஒரு ஐந்து நிமிட வீடியோ மூன்று ராத்திரி எடுத்தது உண்டு. அப்போது நான் பிளஸ் டூ.

யாரைப் பார்த்து ஆரம்பித்தான் என்றால், நான்கு ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஸ்மோஷ் வீடியோக்களைப் பார்த்துத்தான். கலிஃபோர்னியாவில் இயன் ஹெக்காக்ஸ், ஆண்டனி பாடில்லா என்று இரண்டு நண்பர்கள். 2005ல் ஒரு கார்ட்டூன் பாட்டுக்கு வாயசைத்து வீட்டில் எடுத்துப் போட்டார்கள். ஒரு காலத்தில் யூடியூபிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அது, அப்புறம் காப்பிரைட்டால் நீக்கப்பட்டது. ஹவாய்த் தீவில் ரயன் ஹிகா என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் நண்பர்களோடு ஆரம்பித்தது, 2009ல் உலகத்திலேயே அதிக சப்ஸ்கிரைபர் உள்ள சேனல் ஆனது. "வீட்டு ஹால்ல எடுக்கிறாங்க பாரு, செட்டே கிடையாது" என்பான் அண்ணன். நம் பக்கத்திலேயே வில்பர் சற்குணராஜ் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கூலிங் கிளாஸோடு வந்து எல்லாவற்றையும் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலம் கலக்காமல் சேலம் பேச்சிலேயே எடுப்பது என்று அண்ணன் முடிவு செய்தான்.

அந்த ஸ்மோஷ் நண்பர்கள் 2011ல் கம்பெனியை விற்றார்கள், 2017ல் ஆண்டனி விலகினார், வாங்கிய நிறுவனமே 2018ல் மூடப்பட்டது, 2019ல் வேறொருவர் கைக்குப் போனது, 2023ல் இரண்டு பேரும் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தான், வேறு எதுவும் எழுதாமல். அவன் இப்போது ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மரவள்ளிக் கிழங்கு லோடு வரும் சீசனில் வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்று ஆகும்.

நாலாவது கேசட்டைச் சொல்ல வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. புது மாப்பிள்ளையை மாமனார் ஏற்காட்டுக்குக் காரில் கூட்டிப்போகிறார். "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மாமா" என்று ஏறிய மாப்பிள்ளையின் முகம் ஒவ்வொரு பலகைக்கும் மாறுகிறது, 20 வளைவுக்கு 20 முகம். மாப்பிள்ளை, மாமனார் இரண்டும் அண்ணன்தான். மேலே போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை கேட்கிறார்: "மாமா, கீழ எறங்க வேற வழி இருக்குங்களா?" "இருக்கு மாப்ள, குப்பனூர் வழி." "அதுல எத்தன வளைவுங்க?"

நெட்டில் பார்த்தவர்களுக்கு அடுத்து வந்தது ஞாபகம் இருக்கலாம். மாமனார் பதிலே சொல்லாமல் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து நொடி. அவ்வளவுதான் வீடியோ.

கேசட்டில் அது 11 டேக். மாமனாரை எடுக்கும்போது மாப்பிள்ளையின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து நான் சொல்கிறேன். என் பதினேழு வயதுக் குரல் "அதுல எத்தன வளைவுங்க?" என்று பதினொரு தடவை கேட்கிறது. முதல் டேக்கில் அண்ணன் "அதுவும் இருவதுதான் மாப்ள" என்று சொல்லித் தானே சிரிக்கிறான். இரண்டாவதில் "நாப்பது". மூன்றாவதில் கையை வளைத்து வளைத்துக் காட்டுகிறான். ஐந்தாவதில் எனக்கு அலுத்து, குரல் செத்துப்போகிறது. ஆறாவது டேக் முடிந்ததும் திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "ஏன்டா பதில் சொல்ற? சும்மா அவன் மூஞ்சிய பாரு." கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் பாட்டி பக்கம் திரும்பி ஒரு நிமிடம் யோசிக்கிறான். ஏழாவதில் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறான், ஆனால் கண்ணில் சிரிப்பு இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வடிந்துபோய், பதினொன்றாவதில் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வளைவையும் பார்க்காத மனிதன் மாதிரி நிற்கிறான்.

அதுவரை பேசாமல் ஓரமாக ஏதோ சால்டரிங் செய்துகொண்டிருந்த கடைக்காரர், அந்த டேக்கில் வாய்விட்டுச் சிரித்தார். "மத்தவங்கன்னா நாலாவதுலயே ஓகே சொல்லியிருப்பாங்கம்மா" என்றார். முப்பது வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்தவர் சொல்கிறார்.

ஃபைல் அழிந்ததில் போனது எடிட் செய்த அந்த ஐந்து நொடி மட்டும்தான். அதை அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது முழுக்க டேப்பில் இருக்கிறது. நாலாவது கேசட்டுக்கு முன்னால் எடுத்ததில் எல்லாம் அவன் கத்துகிறான், ஓடுகிறான், விழுகிறான். அதற்குப் பின்னால் எடுத்ததில் எல்லாம் எங்கேயாவது ஒரு இடத்தில் நிறுத்திப் பார்க்கிறான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் எடுத்த வீடியோவில், வாய்ப்பு கேட்டு வந்தவன் அறுபது வருடம் தாமதமாக வந்தது தெரியாமல் வாட்ச்மேனைத் தேடுவான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956ல் எடுத்த ஸ்டுடியோ, இன்று வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வளைவை அவன் நிமிர்ந்து பார்க்கும் ஷாட்டில் வசனமே கிடையாது. போகிற வருகிற பஸ் சத்தம் மட்டும். அதற்குத்தான் மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, தன் அப்பா சேலத்துக்காரர் என்று எழுதியிருந்தார். அண்ணன் அதை நோட்டில் எழுதி வைத்தான். அந்த நோட்டும் டின்னில்தான் இருந்தது.

காசு என்று பார்த்தால், ஐந்து வருடத்தில் வந்தது ஒரே தடவை. 2011ல் ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் 1,500 ரூபாயும் ஒரு பொன்னாடையும். பதினொன்றாவது கேசட் முழுக்க அந்த மேடைதான். கூட்டம் சிரிக்கவில்லை. அப்போது எனக்குக் கூட்டத்தின் மேல் கோபம். இப்போது கடையில் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அவன் மேடையிலும் நிறுத்துகிறான், பார்க்கிறான். ஆனால் நாற்பதாவது வரிசைக்கு அவன் கண் எப்படித் தெரியும்? கேமரா ஒரு முழம் தூரத்தில் இருந்தால்தான் அந்தக் காமெடி வேலை செய்யும். அவன் கற்றுக்கொண்டது வீடியோவின் காமெடி. அதற்கு வேண்டிய ஆட்கள், கையில் போனோடு, வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. கோபி, சுதாகர், கோயம்புத்தூரிலிருந்து எருமசாணி, நக்கலைட்ஸ் என்று யூடியூப் காமெடியில் வரிசையாக வந்தார்கள். அவர்களை அண்ணன் விடாமல் பார்ப்பான். நன்றாக இருந்தால் திரும்ப ஓட்டிப் பார்ப்பான், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று.

ஏழாவது கேசட்டில் நடந்ததற்காகவே இந்தக் கடைக்கு என் முழு மதிப்பெண். அந்தக் கேசட்டில் முதலில் இருந்தது அத்தை மகளின் காதுகுத்து, 2007ல் எடுத்தது. புதுக் கேசட் இல்லாமல் அண்ணன் அதன் மேலேயே தட்டுவடை செட் கடை வீடியோவை எடுத்துவிட்டான். அத்தை இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் அது ஆறாத புண். சாதாரணமாக, பதிவு முடிந்து நீலத்திரை வந்தால் கம்ப்யூட்டரே நின்றுவிடும், கடைக்காரர்களும் கேசட் முடிந்தது என்று எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவில்லை. நீலத்திரையை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கடைசி வரைக்கும் பாத்துடணும்மா, அடியில என்ன இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். இரண்டு நிமிட நீலத்துக்குப் பிறகு பந்தல் வந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது. அண்ணனின் வீடியோ எட்டாத கடைசிப் பகுதி, ஆறு நிமிடம் இருந்தது. டைம்கோட், அதாவது டேப்பில் பதிந்த நேரக் கணக்கு, அறுந்து அறுந்து வந்ததால் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் பின்னால் சுற்றி மறுபடி ஏற்றினார். அதில் தாத்தா இருக்கிறார். தாத்தா 2010ல் இறந்துவிட்டார், அவர் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. பந்தியில் யாரையோ "இன்னொரு வாய் போடுங்க, கொழந்த பேரச் சொல்லிச் சாப்பிடுங்க" என்கிறார். அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். அத்தை அந்த ஒரு வரியை எத்தனை தடவை கேட்டார் என்று நான் எண்ணவில்லை.

குறைகளும் உண்டு, சொல்லிவிடுகிறேன். டேப்பில் இருந்தபடியே பெரிய ஃபைல் ஒன்றும், போனில் பார்க்க எம்பி4 ஒன்றும் தருகிறார். முதலில் தந்த எம்பி4ல் அண்ணன் கையை வீசும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு வந்தது. பழைய கேமரா ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று இரண்டு பாதியாகப் பிடிக்கும். மாற்றும்போது அதைச் சரியாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும், அந்த செட்டிங்கை அவருடைய பையன் விட்டுவிட்டான். படத்தையும் இப்போதைய டி.வி. அகலத்துக்கு இழுத்திருந்தான், அண்ணன் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. இரண்டையும் காட்டினேன். காசு வாங்காமல் ஒரு வாரத்தில் மாற்றித் தந்தார்கள். ஆனால் நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: படத்தை இழுக்க வேண்டாம், பழைய சதுர வாக்கிலேயே இருக்கட்டும் என்று. பெரிய ஃபைலைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். எம்பி4 கெட்டாலும் அதிலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம்.

படி செங்குத்து, வயதானவர்கள் ஏறுவது கஷ்டம். வண்டி நிறுத்த இடமில்லை, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் விட்டுவிட்டு நடப்பது நல்லது. மத்தியானம் போன் எடுக்க மாட்டார். ஃபைலுக்குப் பெயர் வெறும் எண்தான், எதில் என்ன என்று நாமேதான் பார்த்து எழுத வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் போகாதீர்கள், கடை திறந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் சந்துக்குள் நுழைய முடியாது.

ஆனால் ஒவ்வொரு கேசட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு தருகிறார், பேனாவில் எழுதியது. "3ம் கேசட்: 23 நிமிடம் 14 நொடி, இரண்டு நொடி கட்டம். 41ல் சத்தம் இல்லை, ஒரிஜினலே அப்படி." எது தன் மெஷினில் வந்த குறை, எது டேப்பிலேயே இருந்தது என்று பிரித்து எழுதியிருக்கிறார். நான் கேட்காமலே, தன் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியை ஒரு மாதத்தில் அழித்துவிடுவதாகவும் சொன்னார். வீட்டு விஷயங்கள் உள்ள கேசட்டைக் கொடுப்பவர்களுக்கு அது முக்கியம்.

செலவு: ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய், பூசணம் பிடித்ததற்குக் கேசட்டுக்கு 250 கூடுதல். 13 கேசட்டுக்கு 5,350 ரூபாய் கொடுத்திருக்கிறேன். முன்பணம் கேட்கவில்லை.

மீதி ஒன்று இன்னும் கடையில்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது கேசட். பூசணம் அதில்தான் அதிகம், இரண்டு தடவை உலர்த்தியும் சுருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டால் அறுந்துவிடும் என்று டப்பாவிலேயே வைத்திருக்கிறார். லேபிளில் "மாம்பழம், கடைசி" என்று இருக்கிறது. 2013 வைகாசியில் எடுத்தது. சேலம் குண்டு மாம்பழம் விற்கும் கடைக்காரராக அண்ணன். "இனிக்குமா?" என்று கேட்டால், "மாம்பழம் பொய் சொல்லாதுங்க, நாந்தான் சொல்லுவேன்" என்பான். அந்த வீடியோ அப்லோடே ஆகவில்லை. அதற்குள் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம் என்று கடைக்காரர் போன் செய்தார். இதுவரை "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், ஃபேக்டரியில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறான். அண்ணியும் வருகிறார். கடை பத்தரைக்குத் திறக்கும். கேமராவையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதுவும் எல்.பி.யாக இருக்கலாம் என்று.